ஆறு பறவைகளும் சுண்ணாம்புக் கோடும்

எங்கள் வீட்டில் கழுத்தில் கோடு விழாத சீவன் கிடையாது. பால்மாப் பேணியில் சிரித்த குழந்தை, கலண்டரில் திரும்பிப் பார்த்த மான், என் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் புல் மேய்ந்த பசு என்று எதுவும் உம்மாவின் கையிலிருந்து தப்பியதில்லை. கடைச் சாமான் வந்ததும் பையைப் பிரித்துப் பார்ப்பார். படம் போட்ட ஏதாவது இருந்தால் பேனையைத் தேடுவார். பேனை அகப்படாவிட்டால் அடுப்புக் கரி. கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான். உயிருள்ளதின் உருவம் இருக்கும் வீட்டுக்குள் வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள், கழுத்தை வெட்டிவிட்டால் அது உருவமல்ல, வெறும் மை என்பது அவர் எண்ணம். மார்க்கம் படித்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று நான் விசாரித்ததில்லை. கல்முனையில் எங்கள் தெருவில் இருந்த உம்மாமார் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள். என் வகுப்பில் ஒருவனுடைய பசுவாவது முழுசாக இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இப்படியான வீட்டிலிருந்துதான் நான் சித்திரம் படிக்கப் போனேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஆசிரியர் கலாசாலையில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. விசேட பாடமாகச் சித்திரத்தை எடுத்தேன். வாப்பாவிடம் அதைச் சொன்ன விதத்தில்தான் கோளாறு. வாப்பா எங்கள் பள்ளிவாசல் மரைக்காயர்களில் ஒருவர். நிர்வாகத்தில் இருப்பவர். நேரம் தவறாமல் தொழுகிறவர். "சித்திரமெண்டா என்னத்தடா கீறப் போறாய்?" என்று கேட்டார். "பூ, கொடி, இலை. அலங்கார வேலை" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நம்மட பள்ளி மிம்பருக்கும் ஒரு கொடியக் கீறித் தாவன்" என்றார். கீறியும் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கம் ஓதும் மேடையைச் சுற்றி என் பச்சைக் கொடி படர்ந்தது. வாப்பா வருவோர் போவோருக்கெல்லாம் அதைக் காட்டினார். பொய் சொன்னவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

இரண்டாம் வருடத்தின் கடைசியில் ஒரு செயற்றிட்டம் செய்ய வேண்டும். ஒரே பொருளில் ஆறு வர்ணப் படங்கள். வெளியூரிலிருந்து பரீட்சகர் வந்து பார்ப்பார். அதில் தேறாவிட்டால் பயிற்சிச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம். கூடப் படித்தவர்கள் புத்தியாகப் பழங்கள், மட்பாண்டங்கள், தோணிகள் என்று எடுத்தார்கள். எனக்கு அந்தக் காலத்தில் மூக்கு நுனியில் கோபம். எங்கள் சித்திர விரிவுரையாளர் என் கொப்பியைப் புரட்டிவிட்டு, "நீங்க கொடி கீறத்தான் சரி, உயிருள்ளது உங்களுக்கு வராது" என்று சொல்லிவிட்டார். வீட்டில் என்ன சொல்லிவைத்திருக்கிறேன் என்பதையெல்லாம் அந்தக் கணத்தில் மறந்துபோனேன். "நான் நீர்ப்பறவை கீறப் போறன் சேர்" என்றேன். வெளியில் வந்த பிறகுதான் வாப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

பறவைகளைப் பார்க்க நான் எங்கேயும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் வயல் மாவடிப்பள்ளிப் பக்கம். வயலுக்கு அங்கால் சல்லுப் புல்லும் ஆம்பலும் நிறைந்த தண்ணீர்ப் பள்ளம். கதிர் பால் பிடிக்கும் காலத்தில் நீர்க்கோழிகளும் காட்டுத் தாராக்களும் அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வந்து எங்கள் நெல்லில் கை வைக்கும். லீவு நாட்களில் வாப்பா என்னைக் காவலுக்கு அனுப்புவார். நான்கு கம்பு நட்டுக் கட்டிய பரண், கயிற்றில் கோத்த தகரப் பேணிகள். பறவை இறங்கினால் கயிற்றை இழுக்க வேண்டும், பேணி சத்தம் போடும், பறவை பறக்கும். இதுதான் வேலை.

நான் கயிற்றைத் தொடவேயில்லை. பென்சிலைத்தான் தொட்டேன். நீலக்கோழி ஒன்று ஒற்றைக் காலால் நெல் தாளை வளைத்துப் பிடித்து, மனிதர் கரும்பு கடிப்பதுபோல் கடித்துத் தின்றது. அதன் நீலத்தை நான் அதற்கு முன் சரியாகப் பார்த்ததே இல்லை. கழுத்தில் ஒரு நீலம், முதுகில் ஒரு நீலம், வெயில் பட்ட இடத்தில் பச்சை கலந்த இன்னொன்று. அது ஆறுதலாகத் தின்றது. நான் ஆறுதலாகக் கீறினேன். வாப்பாவின் நெல் குறைந்துகொண்டிருந்தது என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கம்தான், ஆனால் அந்தப் படம் நன்றாக வந்தது.

மை எனக்கு சவுதியிலிருந்து வந்தது. தம்மாமில் லொறி ஓட்டிய என் மூத்த சகோதரர் நானாவுக்கு ஒரு பெட்டி வர்ணம் வேண்டுமென்று எழுதியிருந்தேன். ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் பற்பசைபோலப் பன்னிரண்டு குழாய்கள். வெளியில் அக்ரிலிக் என்று ஆங்கிலத்தில் இருந்தது. கலாசாலையில் நாங்கள் பழகியது நீர்வர்ணம். அக்ரிலிக்கை ஒருவரும் கண்டதில்லை, விரிவுரையாளர் உட்பட. தண்ணீரில் கரைத்துப் பூசலாம் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, இதுவும் நீர்வர்ணம்போலத்தான் என்று முடிவு கட்டினேன்.

அந்த முடிவுக்கு முதல் நாளே ஒரு தூரிகையைப் பலி கொடுத்தேன். பூசி முடித்துக் கழுவாமல் வைத்துவிட்டு மத்தியான ளுஹர் தொழுது சாப்பிட்டு வந்து பார்த்தால் மயிர் குச்சியாகி நின்றது. உம்மாவின் பூப்போட்ட பீங்கானில் மையைக் கலந்தேன். காய்ந்த பிறகு அது கஞ்சியில் படியும் ஆடைபோல் உரிந்து வந்தது, ஆனால் பீங்கானின் பூவையும் சேர்த்துப் பழுதாக்கியிருந்தேன் என்று உம்மா சாதித்தார். நான் உடுத்திருந்த சாரத்தில் ஒரு நீலச் சொட்டு விழுந்தது. உம்மா அதைக் கிணற்றடிக் கல்லில் போட்டுக் கும்மினார். "இதென்ன மையோ, நானும் தேய்ச்சு மாய்ஞ்சன். சாரம் கிழிஞ்சாலும் இது போகாது போல இரிக்கி" என்று சொல்லிச் சாரத்தை என்மேல் எறிந்தார்.

உம்மாவுக்கு எல்லாம் தெரியும். வீட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறையில்தான் கதவைச் சாத்திக்கொண்டு கீறினேன். அலுமாரிக்குப் பின்பக்கம் அடிக்கும் ஹார்ட்போட்டில் ஆறு துண்டு வாங்கி, வெள்ளை பூசிக் காயவைத்து, அதன்மேல் கீறினேன். வாப்பா வயலுக்குப் போனதும் பலகைகள் வெளியே வரும், அவர் சைக்கிள் மணி கேட்டதும் மூட்டைகளுக்குப் பின்னால் போகும். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, படத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எத்தின முடிஞ்சிரிக்கி?" என்று மட்டும் கேட்பார். வாப்பாவிடம் சொல்ல மாட்டார். ஆனால் அவர் உள்ளூரப் பயந்துகொண்டிருந்தார். வாப்பா கண்டால் என்ன சொல்வாரோ என்பது ஒரு பயம். வீட்டுக்குள் முழுக் கழுத்தோடு ஆறு உயிர்கள் இருக்கின்றனவே என்பது மற்றப் பயம்.

நீலக்கோழி, வெள்ளைக் கொக்கு, இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், கானாங்கோழி, முக்குளிப்பான், கடைசியாகக் காட்டுத் தாரா. தாராவில்தான் அக்ரிலிக் எனக்குக் கைவந்தது. மையைத் தண்ணீர் சேர்க்காமல் தடிப்பாக எடுத்து, இறகு இறகாக வரம்பு கட்டுவதுபோல் வைத்தேன். பழுப்பு நிறக் குழாயின் வாலைச் சுருட்டிச் சுருட்டி, கடைசியில் பிளேட்டால் பிளந்து வழித்து அந்தத் தாராவை முடித்தேன். கொக்குக்குப் போக வெள்ளை கொஞ்சம் மிச்சமிருந்தது. மற்ற நிறங்களும் அடி முட்டிவிட்டன.

பரீட்சகர் வரும் நாள் ஹர்த்தால்களால் இரண்டு முறை தள்ளிப் போயிருந்தது. ஒருவழியாகப் புதன்கிழமை என்று வந்தது. அந்த ஒரே நாள்தான், இனி எப்போது வருவாரோ தெரியாது, ஒன்பது மணிக்கு ஆறு படங்களும் மேசையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் மண்டபத்தில் மேசை போடக் கலாசாலைக்குப் போனேன். திரும்பும்போது பஸ் நிந்தவூரில் நின்று நின்று வந்தது. பின்னேரத்து அஸர் தொழுகை நேரம் தாண்டித்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். நெல் அறையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே மூட்டை ஒன்றும் இல்லை. வெறும் சீமெந்துத் தரையும் கொட்டிய பதரும். வெள்ளிக்கிழமை வரவேண்டிய லொறி அன்றைக்கே வந்து, வாப்பா நெல்லை ஏற்றிவிட்டு, லொறிக்குப் பின்னால் சைக்கிளில் மில்லுக்குப் போய்விட்டார். என் பலகைகள் இல்லை.

"உம்மா!"

"பதறாத மகன். உள்ளறையில இரிக்கி. வாப்பா காணல்ல" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. சந்தோசமான குரல்.

உள்ளறைச் சுவரோரம் ஆறு பலகைகளும் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆறு பறவைகளின் கழுத்திலும் விரல் தடிப்பில் வெள்ளைக் கோடு. வெற்றிலை வட்டாவிலிருந்த சுண்ணாம்பு. உம்மாவின் ஆட்காட்டி விரலின் அகலம்கூட எனக்குத் தெரிந்தது.

லொறிச் சத்தம் கேட்டதும் உம்மா செய்தது இதுதான். கூலிக்காரர் வருவதற்கு முன் பலகைகளைத் தூக்கி உள்ளே வைத்தார். வாப்பா தற்செயலாக அறைக்குள் வந்தாலும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது. பேனையைத் தேட நேரமில்லை. வட்டா பக்கத்தில் இருந்தது. மகனைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியோடு மாலைவரை எனக்காகக் காத்திருந்திருக்கிறார்.

நான் கத்தினேன். உம்மாவிடம் அப்படி ஒருநாளும் கத்தியதில்லை. "என்ட படிப்பே போச்சு! ஆறு மாசம் கீறினத ஒரு விரலால நாசமாக்கிட்டீங்களே!" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அவற்றை இங்கே எழுத எனக்கு மனமில்லை. மேலே பூசி மறைக்கலாமென்றால் பாதி நிறங்கள் முடிந்துவிட்டன. தண்ணீரால் துடைக்கலாமென்றால், நீர்வர்ணத்தில் பழகிய என் புத்திக்கு ஒன்றுதான் தெரியும்: ஈரத் துணி பட்டால் படம் கரையும். நான் அப்படியே தரையில் குந்திவிட்டேன்.

உம்மா குசினிக்குப் போனார். தலையை மூடிய முட்டாக்கின் நுனியைச் செம்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து நீலக்கோழிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"தொடாதீங்க! மை கரையும்!"

"எந்த மை? அந்தச் சாரத்தில விழுந்த மையா?" என்றார் உம்மா. "நான் கல்லில வெச்சுத் தேய்ச்சும் போகாத மை, இந்தத் தண்ணிக்கா போகப் போகுது?"

துடைத்தார். கோடு துணியோடு வந்தது. அதன் கீழே நீலக்கோழியின் கழுத்து, நான் வைத்த மூன்று நீலத்தோடும் அப்படியே இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு நம்பிக்கை வரவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.  "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அதைவிடப் பெரிய சிரிப்பும் வந்தது. உம்மாவும் சிரித்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து துடைத்தோம். காய்ந்த சுண்ணாம்பு சில இடங்களில் வெள்ளைப் புகையாக நின்றது. உம்மா தேசிக்காயை வெட்டித் துணியில் ஒரு சொட்டு பிழிந்து ஒற்றினார், அதுவும் போனது. காட்டுத் தாரா மட்டும் அடம் பிடித்தது. நான் கட்டிய வரம்புகளுக்குள் சுண்ணாம்பு இறங்கிவிட்டது. கழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று மிச்சமிருந்தது. அதை மறைக்கப் பழுப்பு நிறம் ஒரு துளிகூட இல்லை. "இத விடுங்க உம்மா. அஞ்சு தப்பிச்சிரிக்கி" என்றேன்.

சைக்கிள் மணி எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை.

வாப்பா வாசலில் நின்றார். தலையில் தொப்பி, தோளில் உமி. ஆறு பறவைகளும் கழுத்தோடு அவரைப் பார்த்தன. எழும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நான் பாதியில் நின்றேன். உம்மா ஈரத் துணியைப் பின்னால் மறைத்தார், அதை மறைத்து என்ன பயன்?

வாப்பா உள்ளே வந்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். நீலக்கோழிக்கு முன்னால் அதிக நேரம் நின்றார்.

"இவன்தான்" என்றார். "நம்மட வயலில மூலை வரவையத் திண்டு முடிச்சவன் இவன்தான்."

வாப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ காவல் இரிந்த பக்கத்திலதான்டா ஆகக் கூடத் திண்டிரிந்திச்சு. பேணிச் சத்தமே கேக்குதில்லயெண்டு வயல் வட்டையில உள்ள ஆக்களெல்லாம் என்னட்டக் கேட்டாங்க. ஒருநாள் பரணில நீ பறவ கீறின கடதாசியையும் கண்டன். பூவும் கொடியும் இப்படித்தானா இரிக்கும்?"

"வாப்பா, நான்..."

"எப்ப சொல்லுவாயெண்டு பாத்திட்டிரிந்தன். நீ சொல்றதாக் காணல்ல." கோபம் இருந்தது. ஆனால் நான் பயந்த கோபமல்ல அது. "இது சோதினைக்கா?"

"ஓம் வாப்பா. நாளைக்கி."

"வீட்டில வெச்சிரிக்கிறதுக்கில்லயே?"

"இல்ல."

"அப்ப கொண்டு போ" என்று சொல்லிவிட்டு, மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்யக் கிணற்றடிக்குப் போனார். உம்மா என்னைப் பார்த்தார். நான் உம்மாவைப் பார்த்தேன். இரண்டு வருடமாகச் சுமந்த பொய் இவ்வளவு லேசாக இறங்கும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ இறக்கி வைத்திருப்பேன்.

மறுநாள் காலையில் பலகைகளை எப்படி பஸ்ஸில் கொண்டுபோவது என்று நான் முழித்துக்கொண்டிருக்க, வாப்பா இரண்டு வெறுஞ்சாக்கையும் சணல் கயிற்றையும் கொண்டுவந்தார். பலகைகளுக்கு நடுவில் வைக்கோல் வைத்து, நெல் மூட்டை தைக்கும் ஊசியால் வாயைத் தைத்தும் தந்தார். கலாசாலையில் அந்தத் தையலைப் பிரிக்க எனக்குப் பத்து நிமிடம் போனது.

பரீட்சகர் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். மேசை மேசையாக வந்தார். என் மேசையில் அக்ரிலிக்கைக் கண்டு புருவத்தை உயர்த்தினார். காட்டுத் தாராவைக் கையில் எடுத்து யன்னல் பக்கம் திருப்பினார். சுண்ணாம்பு வளையத்தில் வெயில் விழுந்தது.

"கழுத்தில் இந்த வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டார். "தண்ணீரிலிருந்து தெறிக்கும் ஒளி. நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள்."

பக்கத்தில் எங்கள் விரிவுரையாளர் நின்றார். "ஓம் சேர், கவனிச்சன்" என்றேன். பொய்யை விட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இன்னொன்று. இதை மட்டும் யாரிடமும் திருத்த வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.

தேறினேன். சான்றிதழும் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு பலகைகளைத் திருப்பித் தந்தார்கள். ஐந்தை நான் படிப்பிக்கப் போன பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஆறாவதையும் சாக்கில் போடப் போனபோது உம்மா என் கையைப் பிடித்தார்.

"இந்தத் தாரா இரிக்கட்டும்."

"வாப்பா வீட்டில வைக்கக் கூடாதெண்டாரே."

"கோடு போட்டா வைக்கலாம்தானே? இதில என்ட கோடு பாதி கிடக்கித்தானே?"

அந்தப் பெட்டியில் மிச்சமிருந்தது வெள்ளை மட்டும்தான். குழாயை நசுக்கி, உம்மாவின் பழைய பீங்கானிலேயே கொஞ்சம் எடுத்து, தூரிகையை அவர் கையில் கொடுத்தேன். உம்மா அதற்கு முன் தூரிகை பிடித்ததில்லை. பிஸ்மி சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தாராவின் கழுத்தில் ஒரு கோடு இழுத்தார். சற்றுக் கோணலாகப் போனது. காயும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு உம்மா பெருவிரலைத் தண்ணீரில் நனைத்து அந்தக் கோட்டைத் தேய்த்துப் பார்த்தார்.

"போகல்ல" என்றார்.

அதை முன் அறைச் சுவரில் மாட்டினேன். எங்கள் வீட்டுச் சுவரில் ஏறிய முதல் படம் அது. அன்று அஸருக்கு வாப்பா வந்தார். ஆணியில் தொங்கியதை அண்ணாந்து பார்த்தார். "ஆறு கள்ளனுகள்ல இவனத்தானா தெரிஞ்செடுத்தீங்க?" என்று கேட்டார். கிட்டப் போய்க் கழுத்தைப் பார்த்தார். பிறகு தொழுகைப் பாயை அந்த அறையிலேயே விரித்து, தொழ நின்று தக்பீர் கட்டினார்.